சூறாவளி ஓய்ந்தபின் கடலுக்குள் நடப்பது என்ன?

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் உம்மம்மாமாரிடம் பழைய கதை கேட்டால், பலர் ஆண்டுக் கணக்கில் பதில் சொல்வதில்லை. "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றே அவர்கள் காலத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் சூறாவளி, 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கூரைகள் பறந்தன, தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன, தோணிகளும் வலைகளும் காணாமற் போயின.

அந்த இரவைப்பற்றி நாம் கேட்டவை எல்லாம் தரையில் நடந்தவை. ஆனால் சூறாவளி தரையில் நின்றது சில மணித்தியாலங்கள் மாத்திரமே. அதற்கு முன் பல நாட்கள் அது கடலின் மேல்தான் சுழன்று வந்தது. அவ்வளவு பெருங்காற்று மேலே சுழன்றபோது கீழே இருந்த நீருக்கு என்ன நடந்தது? அந்த நீரில் வாழ்ந்த உயிர்களுக்கு என்ன நேர்ந்தது?

இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரு வேலை, தற்செயலாக அதே 1978ஆம் ஆண்டில், உலகின் மறுபக்கத்தில் ஆரம்பமானது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் பெர்முடாத் தீவுக்கு அருகே, ஆழ்கடலுக்குள் சில புனல்களைத் தொங்கவிட்டு, மேலிருந்து விழும் தூசியைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். சூறாவளியைப் பற்றி அந்தப் புனல்கள் சொன்ன செய்தியைப் புரிந்துகொள்வதற்கு முன், கடலில் விளையும் ஒரு பயிரைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பயிர்

கடல்நீரில் நீரோட்டம் இழுத்த பக்கம் மிதந்து திரியும் உயிர்களைப் பிளாந்தன்கள் என்கிறோம். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று தாவரப் பிளாந்தன். இது பெரும்பாலும் தனிக்கலத்தால் ஆனது. பச்சையம் கொண்டு, சூரிய ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். மற்றது விலங்குப் பிளாந்தன். இது தாவரப் பிளாந்தனையும் தன்னிலும் சிறிய உயிர்களையும் தின்று வாழும். நண்டுக் குஞ்சுகள், மீன் குஞ்சுகள், இறாலைப் போன்ற நுண்ணிய உயிர்கள் எல்லாம் இந்த வகையில் அடங்கும். நாம் சம்பல் செய்து சாப்பிடும் கூனியை நினைத்துக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு சிறியவற்றைக் கற்பனை செய்தால் ஓரளவு விளங்கும்.

ஒரு தேக்கரண்டி கடல்நீரில் தாவரப் பிளாந்தன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இவையே உலகில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைவாசியைச் செய்கின்றன. நெத்தலியும் சூடையும் பிளாந்தன்களை உண்கின்றன. அவற்றைச் சூரை உண்கிறது. சூரை நம் சோற்றுக் கோப்பைக்கு வருகிறது. மீனவர் வலையில் விழும் எதுவாயினும், அதன் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால் அநேகமாக இந்தப் பச்சைக் கலங்களில்தான் போய் முடியும்.

வயலில் நிற்கும் நெல்லைப் போலவே இந்தப் பயிருக்கும் ஒளி வேண்டும், பசளையும் வேண்டும். நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று முதலிய போசணைப் பொருட்களே கடலின் பசளை. ஆனால் வயலில் இல்லாத ஒரு சிக்கல் கடலில் உண்டு. ஒளி மேலே இருக்கிறது. பசளை கீழே இருக்கிறது.

சூரிய ஒளி ஒளித்தொகுப்புக்குப் போதுமான அளவில் மேலிருந்து நூறு, இருநூறு மீற்றர் வரையே இறங்கும். அந்த ஒளியுள்ள படையில் இருக்கும் பசளையைப் பிளாந்தன்கள் விரைவிலே தின்று தீர்த்துவிடுகின்றன. அவை இறந்து கீழே இறங்கி, இருட்டில் அழுகும்போது பசளை மீண்டும் வெளிவருகிறது. ஆனால் அங்கே ஒளி இல்லை. ஆகவே ஆழ்நீரில் பசளை தேங்கிக் கிடக்க, மேல்நீர் பட்டினியாக இருக்கிறது. வெப்பவலயக் கடல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியான தெளிந்த நீல நிறத்தில் தெரிவதற்கு இந்தப் பட்டினியும் ஒரு காரணம். நீரில் பயிர் இல்லாததால்தான் அது அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

கலக்காத பிளேன்டி

மேல்நீரும் கீழ்நீரும் தாமாகவே ஏன் கலந்துவிடுவதில்லை? பிளேன்டியில் சீனி போட்டுவிட்டுக் கரண்டியால் கலக்காமல் குடித்துப் பாருங்கள். முதல் மிடறுகளில் இனிப்பே இராது. சீனி எல்லாம் அடியில் கிடக்கும். கடலும் அப்படித்தான். வெயிலில் சூடான நீர் பாரம் குறைந்தது. அது மேலே மிதக்கிறது. குளிர்ந்த நீர் பாரமானது. அது கீழே தங்குகிறது. பாரம் குறைந்த மேற்படை ஒரு மூடியைப் போல நின்று, கீழிருக்கும் பசளை மேலே வராமல் தடுக்கிறது. நீர் எவ்வளவுக்குச் சூடாகிறதோ அவ்வளவுக்கு இந்த மூடி இறுகுகிறது.

சூறாவளி வருகிறது. அதுதான் கரண்டி.

சூறாவளி உருவாக ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடான கடல்நீர் தேவை. அந்த வெப்பத்தை உறிஞ்சியே அது வளர்கிறது. அதன் காற்று கடலில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கலக்குதல். காற்று மேல்நீரை வேகமாக இழுத்துச் செல்ல, அதன் கீழுள்ள நீர் அசையாமல் நிற்கிறது. வேகமான படையும் அசையாத படையும் உரசும் இடத்தில் சுழிகள் தோன்றி, கீழுள்ள குளிர்நீரை மேல்நீரோடு கலந்துவிடுகின்றன. இரண்டாவது, மேலெழச் செய்தல். சுழலும் காற்று சூறாவளியின் மையத்திலிருந்து நீரை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அங்கு உண்டாகும் குறையை நிரப்ப ஆழத்திலிருந்து நீர் மேலெழுகிறது.

இதனால் சூறாவளி சென்ற வழியில் கடலின் மேற்பரப்பு குளிர்ந்து விடுகிறது. செய்மதியின் வெப்பநிலைப் படத்தில், சூடான கடலின் நடுவே குளிர்ந்த ஒரு பட்டை பாதையைப் போலத் தெரியும். நமது வட அரைக்கோளத்தில் இந்தக் குளிர்ச்சி சூறாவளி செல்லும் திசைக்கு வலப்பக்கத்திலேயே பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கத்தில் காற்றுத் திரும்பும் திசையும் நீர் திரும்பும் திசையும் ஒத்துப்போவதால் நீர் அதிகமாகக் கலங்குகிறது.

சூறாவளியின் பலத்தைப் போலவே அதன் நடையும் முக்கியம். விரைவாக ஓடிச் செல்லும் சூறாவளியைவிட, ஓரிடத்தில் மெதுவாக நின்று சுழலும் சூறாவளி கடலை ஆழமாகக் கலக்கும். இதற்குச் சிறந்த உதாரணம், 2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தென்சீனக் கடலில் தோன்றிய காய்-தாக் என்னும் தைபூன். உலகின் மிகப் பலமான புயல்களின் வரிசையில் அதற்கு இடமில்லை. ஆனால் அது ஏறத்தாழ மூன்று நாட்கள் ஒரே பகுதியில் தங்கி நின்றது. அங்கே கடல் மேற்பரப்பின் வெப்பநிலை 9 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. புயல் போனபின் எடுத்த செய்மதிப் படத்தில், அப்பகுதி மேல்நீரின் குளோரபில் அளவு சராசரியாக 30 மடங்கு பெருகியிருந்தது. அந்த ஒரு நிகழ்வில் மாத்திரம் பிளாந்தன்கள் 8 இலட்சம் தொன் காபனைத் தம் உடலில் சேர்த்திருக்கும் என ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு கணக்கிட்டனர்.

முப்பது மடங்கு என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கலம் நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாள் ஒன்று முப்பத்திரண்டாகி நிற்கும். முகில் விலகி வெயில் எறிக்கத் தொடங்கிய சில நாட்களில் கடல் பச்சை நிறமாவதற்கு இதுவே காரணம். பின்னர் பசளை தீர, விலங்குப் பிளாந்தன்களும் மேய்ந்து தீர்க்க, ஓரிரு வாரங்களில் அந்தப் பச்சை மெல்ல மறையத் தொடங்கும்.

பச்சை எல்லாம் புதுப்பயிர் அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. செய்மதி காண்பது கடலின் மேற்பரப்பின் நிறத்தை மாத்திரமே. தெளிந்த வெப்பவலயக் கடல்களில் தாவரப் பிளாந்தன்கள் மேற்பரப்பிலிருந்து பல பத்து மீற்றர் கீழே, மங்கிய ஒளியும் சிறிது பசளையும் ஒன்றுசேரும் ஆழத்தில் கூடி வாழ்வதுண்டு. சூறாவளி நீரைக் கலக்கும்போது அவையும் மேலே வந்துவிடும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் திடீரெனப் பச்சையானது போல இருக்கும். ஆனால் அது பழைய பயிர். இடம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கரையோரத்தில் இன்னொரு குழப்பம். பெருமழையில் ஆறுகள் பெருகி, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு, வாவி நீரும் வயல் நீரும் கடலில் கலக்கும். அந்த நீர் பசளையையும் கொண்டுவரும், சேற்றையும் கொண்டுவரும். சேறு ஒளியை மறைக்கும். கலங்கிய நீரின் நிறத்தைச் செய்மதி சில வேளைகளில் பயிரின் நிறமாக எண்ணிவிடுவதும் உண்டு.

ஆகவே புதுப்பயிர் உண்மையில் விளைந்ததா, விளைந்தது எங்கே போனது என்பதை அறிய வேண்டுமானால் மேலிருந்து பார்த்தால் மாத்திரம் போதாது. கடலுக்கு உள்ளேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

கடலுக்குள் பெய்யும் மழை

மா அரிக்கும்போது அரிதட்டிலிருந்து மா மெல்ல மெல்லக் கீழே உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள்ளும் இரவு பகலாக அப்படி ஓர் உதிர்வு நடந்துகொண்டே இருக்கிறது. இறந்த பிளாந்தன்கள், அவற்றின் ஓடுகள், விலங்குப் பிளாந்தன்களின் கழிவு உருண்டைகள், பசைபோன்ற பொருட்கள், களிமண் துகள் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டி, வெண்ணிறத் துணுக்குகளாகி ஆழத்தை நோக்கி இறங்குகின்றன. விஞ்ஞானிகள் இதற்குக் கடற்பனி என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

துணுக்குகள் இப்படி ஒட்டிக்கொள்வது ஏன் முக்கியம்? ஒரு தனிக்கலம் நாளொன்றுக்கு ஒரு மீற்றர் இறங்குவதே அரிது. அந்த வேகத்தில் 4000 மீற்றர் ஆழத்தை அடையப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் பற்றீரியாக்கள் அதை உண்டு முடித்துவிடும். கூட்டாக ஒட்டிய துணுக்கோ நாளுக்கு நூறு மீற்றர்கூட இறங்கவல்லது. அதற்கு நாற்பது நாட்கள் போதும்.

ஆழ்கடலில் ஒளி இல்லை, பயிர் இல்லை. அங்கு வாழும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு மேலிருந்து விழும் இந்தத் துணுக்குகளே உணவு. அதுவும் மேலே விளைந்ததில் மிகச் சிறிய பங்குதான் அடிவரை சென்று சேர்கிறது. நூற்றில் ஒன்று என்று சொல்லலாம். மிகுதி வழியிலேயே உண்ணப்பட்டு விடுகிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தாவரப் பிளாந்தன் உணவாக்கும்போது நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டை எடுக்கிறது. அந்த நீர் காற்றிலிருந்து மேலும் காபனீரொட்சைட்டைப் பெற்றுக்கொள்கிறது. பிளாந்தனின் உடல் துணுக்காகி ஆயிரம் மீற்றருக்குக் கீழே போய்விட்டால், அதிலுள்ள காபன் நூற்றாண்டுக் கணக்கில் மேலே திரும்பி வராது. காற்றிலிருந்து காபனை ஆழத்துக்கு இறக்கும் இந்த ஏற்பாட்டை உயிரியல் பம்பி என்பார்கள். இந்தப் பம்பி இல்லாவிட்டால் பூமியின் காற்றில் காபனீரொட்சைட்டு இன்றிருப்பதைவிட மிக அதிகமாக இருந்திருக்கும். பூமியும் இன்னும் சூடாகியிருக்கும்.

பெர்முடாவின் புனல்கள்

இனி அந்தப் புனல்களுக்கு வருவோம். பெர்முடா என்றதும் நம்மில் பலருக்குக் கப்பல்கள் மறையும் முக்கோணக் கதைதான் ஞாபகத்துக்கு வரும். கடலியலாளருக்கோ அது வேறு காரணத்தால் முக்கியமான இடம். தீவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தூரத்தில், நாலரைக் கிலோமீற்றர் அளவு ஆழமுள்ள கடலில், அடியில் நங்கூரமிட்ட ஒரு நீண்ட கம்பியில் மூன்று ஆழங்களில் புனல்கள் பொருத்தப்பட்டுள்ளன: 500 மீற்றர், 1500 மீற்றர், 3200 மீற்றர். ஒவ்வொரு புனலின் அடியிலும் வட்டமாக அடுக்கிய குவளைகள். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தட்டுச் சுழன்று, புதிய குவளை புனலின் கீழ் வந்து நிற்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கப்பலில் சென்று குவளைகளை மேலே எடுத்து, அவற்றில் விழுந்ததை ஆராய்வார்கள்.

1978இல் தொடங்கிய இந்த வேலை, ஒரு தலைமுறை விஞ்ஞானிகளிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறித் தொடர்ந்தது. உலகில் ஆழ்கடல் துகள்களை மிக நீண்டகாலமாக அளந்துவரும் திட்டம் இதுவே.

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி, நிக்கோல் என்ற ஹரிக்கேன் மூன்றாம் தர வலுவோடு பெர்முடாவைக் கடந்தது. அத்திலாந்திக்கில் வீசும் சூறாவளியைத்தான் ஹரிக்கேன் என்கிறார்கள். புனல்கள் அதன் பாதையிலேயே கீழே காத்திருந்தன. மேலே அலைகள் மலைபோல் எழுந்த நேரத்திலும் அவை இருளில் அமைதியாகத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

பின்னர் குவளைகளை ஆராய்ந்தவர்கள் இரு பெண் விஞ்ஞானிகளின் தலைமையிலான குழுவினர். ஒருவர் ரூத் பெட்ரோசா பாமியெஸ். மற்றவர், இத்திட்டத்தை நெடுங்காலம் நடத்திவந்த மொரீன் கொன்ட்டி. குவளைக்குள் எவ்வளவு விழுந்தது என்பதோடு, யாருடையது விழுந்தது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். நோன்பு காலத்து மாலையில் தெருவால் நடந்தால், எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று மணத்தைக் கொண்டே சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு உயிர் வகையும் தனக்கே உரிய கொழுப்புப் பொருட்களைக் கொண்டிருக்கிறது. துகளில் உள்ள கொழுப்பைப் பகுத்தால், அது தாவரப் பிளாந்தனிலிருந்து வந்ததா, விலங்குப் பிளாந்தனிலிருந்து வந்ததா, பற்றீரியாவிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியும். புதியதா, அழுகிப் பழையதானதா என்றும் சொல்ல முடியும்.

2019இல் வெளியான முடிவு இது: நிக்கோல் கடந்தபின், புதிய தாவரப் பிளாந்தன், விலங்குப் பிளாந்தன், நுண்ணுயிர் ஆகியவற்றை அடையாளம் காட்டும் கொழுப்புகளின் வரவு 1500 மீற்றர் ஆழத்தில் 30 முதல் 300 சதவீதம் வரை கூடியிருந்தது. 3200 மீற்றர் ஆழத்தில் 30 முதல் 800 சதவீதம் வரை கூடியிருந்தது. 800 சதவீத அதிகரிப்பு என்றால் முன்பிருந்ததைப்போல ஒன்பது மடங்கு. வழக்கமாகப் பெரும்பாலும் எஞ்சியதும் பழையதுமே விழும் அந்த இருளுக்கு, இன்னும் சத்துக் குறையாத புதிய உணவு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஆழங்களின் நீரில் மிதந்த துகள்களிலும் அதே அடையாளங்கள் தென்பட்டன.

சூறாவளி மேலே கலக்கியதன் விளைவு மூன்று கிலோமீற்றர் கீழே வரை சென்றது என்பதை இவ்வாறு அறிந்தோம். அதற்கு 38 வருடங்களுக்கு முன்பே ஒருவர் புனலைத் தொங்கவிட்டிருக்க வேண்டியிருந்தது. புயல் வந்தபின் புறப்பட்டுப் போயிருந்தால், வழக்கமாக எவ்வளவு விழும் என்பதே தெரிந்திராது. கூடியதா, குறைந்ததா என்று எதனோடு ஒப்பிடுவது?

நமது விரிகுடாவில்

பெர்முடாவில் நடந்தது நமது கடலிலும் அப்படியே நடக்குமா? வங்காள விரிகுடாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எனப் பெரிய ஆறுகள் எல்லாம் அதில் வந்து விழுகின்றன. பருவமழையும் அதன்மேல் கொட்டுகிறது. நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. எனவே மழைக்காலத்துக்குப்பின் விரிகுடாவின் வடபகுதியில், உவர்த்தன்மை குறைந்த மெல்லிய படையொன்று மேலே பரந்து நிற்கும். முன்னர் வெப்பத்தால் ஆன மூடியைப் பார்த்தோம். இங்கே அதற்கு மேல் நன்னீரால் ஆன இரண்டாவது மூடி. அரபிக் கடலைவிட வங்காள விரிகுடா பிளாந்தன் விளைச்சலில் பின்தங்கியிருப்பதற்கு இந்த மூடி ஒரு முக்கிய காரணம்.

இந்த மூடி சூறாவளிக்கும் எளிதில் திறப்பதில்லை. மழைக்காலத்துக்குப் பிந்திய சூறாவளிகள் விரிகுடாவின் வடபகுதியில் கடல் மேற்பரப்பைப் பெரிதாகக் குளிரச் செய்வதில்லை என்பதை இந்திய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். விரிகுடாவை முழுமையாக எடுத்துப் பார்த்த பிந்திய ஆய்வொன்று, மழைக்காலத்துக்கு முன் வரும் சூறாவளிகள் ஏற்படுத்தும் குளிர்ச்சி, பின்னர் வருபவை ஏற்படுத்துவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டது.

இதன் பொருளை நன்றாகக் கவனிக்க வேண்டும். மூடி திறக்காவிட்டால் பசளை மேலே வராது. பிளாந்தன் பட்டினியாகவே இருக்கும். அதோடு கடல் குளிராததால், சூறாவளிக்குக் கிடைக்கும் வெப்பமும் குறைவதில்லை. கடலைக் கலக்கும் சூறாவளி தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது. கடலைக் கலக்க முடியாத சூறாவளியின் அடுப்போ எரிந்துகொண்டே இருக்கிறது. கடலுயிர்களுக்கு உணவு மறுக்கும் அதே மூடி, கரையில் வாழும் மனிதருக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது.

இலங்கைக்குக் கிழக்கே உள்ள தென்மேற்கு விரிகுடாவில் நிலைமை வேறு. வாடைக்காற்று வீசும் காலத்தில், கரையிலிருந்து விலகிய திறந்த கடலில், காற்றின் செயலால் கீழ்நீர் மேலெழுந்து பிளாந்தன் பெருகுவதைச் செய்மதிகள் காட்டியுள்ளன. இந்திய விஞ்ஞானி விநயச்சந்திரனும் அவரது சக ஆய்வாளரும் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் காலத்தில் வரும் சூறாவளிகள் இந்தப் பெருக்கத்தை மேலும் வலுப்படுத்துகின்றன என்று எழுதினர். நமது நாட்டைத் தாக்கிய 1964 டிசம்பர், 1978 நவம்பர், 2000 டிசம்பர், 2020 டிசம்பர்ச் சூறாவளிகள் எல்லாம் இதே பருவத்தில், இந்தக் கடலைக் கடந்தே வந்தன. 1999 ஒக்டோபரில் ஒடிசாவைச் சிதைத்த பெருஞ்சூறாவளிக்குப்பின், அதன் பாதையிலிருந்து வெகு தெற்கே சென்னைக்கு அப்பாலுள்ள கடலில்கூட உயிரியல் உற்பத்தி உயர்ந்திருந்ததை இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆறுகளுக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1980களின் இறுதியில் இந்திய, ஜேர்மன் விஞ்ஞானிகள் வங்காள விரிகுடாவிலும் இத்தகைய புனல்களை இறக்கினார்கள். ஆற்றுநீர் பெருகும் காலத்தில் ஆழத்துக்கு இறங்கும் துகள்களும் பெருகுவதை அவர்கள் கண்டனர். ஆறு கொண்டுவரும் களிமண் துகள், பிளாந்தன் துணுக்குகளோடு ஒட்டி அவற்றைப் பாரமாக்குகிறது. தூண்டில் நூலில் கட்டிய ஈயத்தைப் போல அது அவற்றை விரைவாகக் கீழே இழுத்துச் செல்கிறது. மேலே மூடியாக நின்று விளைச்சலைக் குறைக்கும் அதே ஆறுகள், விளைந்ததை ஆழத்துக்கு அனுப்புவதில் உதவியும் செய்கின்றன.

அப்படியானால் சூறாவளி நல்லதா?

இவற்றை வாசித்துவிட்டு, "சூறாவளி கடலுக்கு நன்மைதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

காபனை எடுத்துக்கொள்வோம். 1995இல் பெர்முடா அருகே சென்ற பீலிக்ஸ் என்ற ஹரிக்கேனை ஆராய்ந்தவர்கள், அதன் பலத்த காற்று கடல்நீரில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டைக் காற்றுக்கு வெளியேற்றியதைக் கண்டனர். ஆழத்திலிருந்து வரும் நீரும் பசளையோடு சேர்த்துக் காபனீரொட்சைட்டையும் கொண்டுவருகிறது. பிளாந்தன் கீழே இறக்குவது ஒரு பக்கம், காற்று வெளியேற்றுவது மறுபக்கம். இரண்டையும் கழித்துப் பார்த்தே ஒரு சூறாவளியின் கணக்கை எழுத வேண்டும்.

ஒட்சிசனும் அப்படியே. இறங்கும் துணுக்குகள் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. வங்காள விரிகுடாவின் இடை ஆழங்களில் ஏற்கெனவே ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கே கூடுதலாக விழும் உணவு சில உயிர்களுக்கு விருந்து. வேறு சிலவற்றுக்கு மூச்சுத்திணறல்.

பூமி சூடாகும்போது இந்தக் கணக்கு எப்படி மாறும்? சூறாவளிகளில் மிகப் பலமானவற்றின் பங்கு கூடும் என்று காலநிலை விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள். அதாவது கரண்டி பெரிதாகிறது. ஆனால் கடல் மேற்பரப்பும் சூடாகி, மூடியும் இறுகுகிறது. எந்தக் கடலில் எது வெல்லும் என்பது அந்தந்தக் கடலின் கீழ்நீரையும் ஆற்றுநீரையும் பொறுத்தது. பெர்முடாவின் விடையை மட்டக்களப்புக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள் இருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் இலங்கையின் தெற்கே உருவாகி அரபிக் கடலுக்குச் சென்ற ஒக்கி சூறாவளியில், ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. மகனையோ வாப்பாவையோ கடலில் இழந்த ஒருவரிடம் போய், பிளாந்தன் பெருகியது என்று ஆறுதல் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது, எச்சரிக்கை வந்ததும் தோணிகள் கரையேறும்படி பார்ப்பதும், கரையில் இருப்போர் உரிய நேரத்தில் பாதுகாப்பான இடம் சேரும்படி பார்ப்பதும்தான். கடலின் வெப்பமும் உவர்த்தன்மையும் தெரிந்தால் சூறாவளி வலுக்குமா, தளருமா என்பதை முன்கூட்டிச் சொல்வது இலகுவாகும். பிளாந்தனை ஆராய்பவரும் எச்சரிக்கை விடுப்பவரும் அளப்பது பெரும்பாலும் ஒரே நீரைத்தான்.

அன்பான மாணவிகளே! அல்லாஹ் படைத்த கடலில், தேக்கரண்டியில் ஆயிரம் அடங்கும் ஓர் உயிருக்கும் அதன் உணவு ஒரு வழியில் வந்து சேர்கிறது. ஒளியே புகாத ஆழத்தில் வாழ்வதற்கும் மேலிருந்து இறங்கி வருகிறது. இதை நாம் நம்பிக்கையால் அறிவோம். எப்படி வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது தடைப்படுகிறது என்பதைப் பொறுமையாக அளந்து அறிவதும் நமக்கு விடப்பட்ட வேலைதான். பெர்முடாவில் அந்த வேலையை முன்னின்று செய்தவர்கள் இரு பெண்கள். நமது நாட்டிலும் ருகுணுப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில், கடல் விஞ்ஞானத்துக்கென ஒரு பீடம் இருக்கிறது. நாரா நிறுவனம் நமது கடல்களை ஆராய்கிறது. உயிரியலோ பௌதிகமோ கற்கும் ஒரு மாணவிக்கு இது எட்டாத துறையல்ல.

பெற்றோரே! உங்கள் மகள் ஒருநாள் வந்து, கப்பலில் போய்க் கடல்நீரை அளக்க விரும்புகிறேன் என்று சொன்னால், உடனே மறுத்துவிடாதீர்கள். அடுத்த சூறாவளி வாடைக்காலம் ஒன்றில் இதே கடலைக் கடந்து வரும். அது வருவதற்கு முன்பே நமது கடலில் புனலை இறக்கி வைப்பதற்கு ஆட்கள் வேண்டும்.